அலிக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

1980 ஜனவரியில் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு முகமது அலி வந்தார். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். அவரோடு நிற்கும் படங்கள் இன்றும் பத்திரிகைகளில் அவ்வப்போது தலைகாட்டும். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக் கையுறை மாட்டிய வடசென்னைக்கு அலி யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் இல்லை, வாத்தியார் முறை. அன்று மேடையில் அவரோடு காட்சிப் போட்டியில் இறங்கியவர் ஜிம்மி எல்லிஸ். அந்தப் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

சொல்ல வேண்டிய பெயர் அது. அலியும் எல்லிஸும் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்துப் பிள்ளைகள். விடலைப் பருவத்தில் அமெச்சூர் மேடையில் எதிரெதிரே நின்றவர்கள். பிறகு எல்லிஸ், அலியின் பயிற்சிக் கூட்டாளி ஆனார். 1967-ல் அலியின் ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்ட உலகக் குத்துச்சண்டைச் சங்கம், அந்தக் காலியிடத்தை நிரப்ப ஒரு போட்டித்தொடர் நடத்தியது. அதில் ஜெயித்து 1968-ல் பட்டத்தை வாங்கியவர் இதே எல்லிஸ்தான். அலியிடமிருந்து பறித்த பட்டத்தை இடுப்பில் கட்டிய நண்பனே பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து சென்னையில் அவர் எதிரே சிரித்துக்கொண்டு நின்றார். கூட்டம் கைதட்டியது.

தனிமனித சுதந்திரத்தின் நாயகர் என்று உலகம் கொண்டாடும் பெயர்களில் அலியின் பெயர் முன்வரிசையில் இருக்கிறது. அதில் தவறில்லை. 61 தொழில்முறைப் போட்டிகள், 56 வெற்றிகள், மூன்று முறை ஹெவிவெயிட் பட்டம் என்கிற சாதனையோடு, ஓர் அரசாங்கத்தை எதிர்த்துத் தன்னந்தனியாக நின்ற துணிச்சலும் சேர்ந்த மனிதர் அவர். ஆனால் ஒருவரை இப்படிக் கொண்டாடும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவர் அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திய அன்றைக்கு, ஊரே அவரைத் தூற்றிய அன்றைக்கு, நாம் எந்தப் பக்கம் நின்றிருப்போம்? வென்றவருக்கு மாலை போடுவதற்குத் துணிச்சல் எதுவும் வேண்டியதில்லை. அலியின் கதையை நாம் பாதியாகவே தெரிந்துவைத்திருப்பதற்கு இந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொள்ளாததுதான் காரணம்.

1967 ஏப்ரல் 28, ஹூஸ்டன். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் நிலையத்தில் இளைஞர்கள் வரிசையாக நின்றார்கள். பெயர் கூப்பிடும்போது ஓர் அடி முன்னால் எடுத்து வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அந்த நொடியிலிருந்து அவர் ராணுவத்தின் ஆள். சடங்கு அவ்வளவுதான். 'காஸியஸ் கிளே' என்று கூப்பிட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயரை விட்டுவிட்ட அலி அசையவில்லை. ஓர் அதிகாரி அவரைத் தனியே அழைத்துப்போய், இது ஐந்து ஆண்டு சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கக்கூடிய குற்றம் என்று எடுத்துச் சொன்னார். திரும்பவும் கூப்பிட்டார்கள். திரும்பவும் அசையவில்லை. அப்போது அவருக்கு 25 வயது. ஒரு குத்துச்சண்டை வீரனின் உடம்பு உச்சத்தில் இருக்கும் வயது. உலகத்தின் வேகமான கால்கள் அவருடையவை என்று பெயர். அந்தக் கால்கள் செய்ததிலேயே பெரிய காரியம், அன்று ஓர் அடி எடுத்துவைக்காமல் இருந்தது.

அது திடீரென்று வந்த முடிவும் இல்லை. 1964-ல் ராணுவம் வைத்த எழுத்துத் தேர்வில் அவர் தேறவில்லை. உலகப் பட்டம் வென்றவன் கணக்குப் பாடத்தில் தோற்றான் என்று ஊர் சிரித்தது. பிறகு வியட்நாமுக்கு ஆள் போதவில்லை என்று தேர்ச்சி மதிப்பெண்ணை இறக்கினார்கள். 1966 பிப்ரவரியில், தேர்வு எழுதாமலே அவர் 'தகுதியுள்ளவர்' ஆகிவிட்டார். வீட்டு வாசலில் குவிந்த செய்தியாளர்கள் விடாமல் கேட்கக் கேட்க, வியட்காங் ஆட்களோடு தனக்கு எந்தச் சண்டையும் இல்லை என்று சொன்னார். மறுநாளே நாடு கொந்தளித்தது. அடுத்த மாதம் சிகாகோவில் நடக்க இருந்த போட்டி ரத்தானது. வேறு ஊர்களும் கதவைச் சாத்தின. கனடாவின் டொரோன்டோவுக்குப் போய் ஆட வேண்டியதாயிற்று. பிறகு லண்டன், ஃபிராங்க்ஃபர்ட். ஓர் அமெரிக்க சாம்பியனுக்கு அமெரிக்காவில் சில மாதங்கள் மேடை இல்லாமல் போனது.

ஹூஸ்டனில் அவர் மறுத்த அன்றே, வழக்கு தொடங்கும் முன்னரே, நியூயார்க் மாநில ஆணையம் அவருடைய உரிமத்தை நிறுத்திவைத்தது. உலகக் குத்துச்சண்டைச் சங்கம் பட்டத்தைப் பறித்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஜூன் 20-ஆம் தேதி, வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி 21 நிமிடம் யோசித்து அவர் குற்றவாளி என்றது. நீதிபதி ஜோ இங்கிரஹாம் உச்சபட்சத் தண்டனையை விதித்தார். பாஸ்போர்ட்டும் போனது. மேல்முறையீடு நடந்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் மூன்றரை ஆண்டுகள் தொழிலும் இல்லை. உள்நாட்டில் ஆட உரிமம் கிடையாது, வெளிநாட்டுக்குப் போக பாஸ்போர்ட் கிடையாது. மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட எஃப்.பி.ஐ., அலி அவரோடு பேசியதையும் கேட்டிருந்தது 1969-ல் நீதிமன்றத்தில் வெளிவந்தது.

இதில் கசப்பான ஒரு விஷயம் உண்டு. அவர் அந்த ஓர் அடியை எடுத்துவைத்திருந்தால் போர்முனைக்குப் போயிருக்கப்போவதில்லை. முகாம் முகாமாகப் போய்ச் சிப்பாய்கள் முன்னால் காட்சிப் போட்டி ஆடிவிட்டு வந்திருப்பார். அதற்கு முன்னுதாரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜோ லூயிஸ் அப்படித்தான் செய்தார். கறுப்பின மக்களின் மாபெரும் நாயகரான லூயிஸ் 1942-ல் சீருடை போட்டார், காட்சிப் போட்டிகள் ஆடினார், இரண்டு பட்டப் போட்டிகளின் வருமானத்தை ராணுவ, கடற்படை நிவாரண நிதிகளுக்கே கொடுத்தார். நாடு அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. போர் முடிந்ததும் வருமானவரித் துறை அவர் கழுத்தில் உட்கார்ந்தது. கடனை அடைக்க வயதான பிறகும் மேடையேறினார், மல்யுத்தம்கூட ஆடினார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட ஹோட்டல் ஒன்றில் விருந்தினரை வரவேற்கும் வேலை. சொன்னபடி கேட்ட நாயகருக்கு அமெரிக்கா கொடுத்தது இது. சொன்னபடி கேட்காத அலியைக் கண்டித்தவர்களில் அதே லூயிஸும் இருந்தார் என்பதுதான் மனதைப் பிசைகிறது.

கண்டித்தவர்களில் சிறியவர்கள் மட்டும் இல்லை. பெரிய பேஸ்பால் லீகின் நிறத்தடையை 1947-ல் உடைத்தெறிந்த ஜாக்கி ராபின்சன், போர்முனையில் இருக்கும் கறுப்பின இளைஞர்களின் மனத்தை அலி நோகடிக்கிறார் என்றார். தனிமனிதத் துணிச்சலுக்கு ராபின்சனைவிடப் பெரிய எடுத்துக்காட்டு அமெரிக்க விளையாட்டில் கிடையாது. அவருக்கே அலியின் துணிச்சல் அன்று பிடிபடவில்லை. சொந்த மாநிலமான கென்டக்கியின் செனட், விசுவாசமான கென்டக்கி மக்களுக்கு இவர் ஓர் அவமானம் என்ற பொருளில் தீர்மானமே போட்டது. 'நியூயார்க் டைம்ஸ்' பல ஆண்டுகள் அவரை 'கிளே' என்றே எழுதிவந்தது. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை எவ்வளவு சிறிய உரிமை! அதைக் கொடுக்கவே ஒரு தேசத்துக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் அன்று அவர் பக்கத்தில் நின்றவர் யார்?

1967 ஜூன் 4 அன்று கிளீவ்லேண்ட் நகரில் அமெரிக்க கால்பந்து நட்சத்திரம் ஜிம் பிரவுன் ஒரு கூட்டம் கூட்டினார். கூடைப்பந்தாட்டத்தின் பில் ரஸ்ஸல், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட இருபது வயது மாணவர் லூ அல்சிண்டர், வழக்கறிஞர் கார்ல் ஸ்டோக்ஸ் என்று பலர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அலியின் ஆதரவாளர்கள் என்று நினைத்தால் தவறு. அவர்களில் சிலர் ராணுவத்தில் இருந்தவர்கள். சமரசம் ஒன்றுக்கு அவரைச் சம்மதிக்க வைக்கலாம் என்ற எண்ணத்தோடு வந்தவர்களும் உண்டு. மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை மாதிரி கேள்வி கேட்டார்கள். அலி அசையவில்லை. வெளியே வந்து மேஜையின் பின்னால் வரிசையாக உட்கார்ந்து, இந்த மனிதர் மனதாரத்தான் சொல்கிறார், நாங்கள் அவரோடு இருக்கிறோம் என்றார்கள். அந்தப் புகைப்படத்தில் எந்த முகத்திலும் சிரிப்பில்லை. பின்னர் பில் ரஸ்ஸல் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்து வரும்: அலியைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை, வரப்போவதைத் தாங்க அவரிடம் பலம் இருக்கிறது, தன் கவலை மற்ற நம்மைப் பற்றித்தான். அலியைப் பற்றி எழுதப்பட்ட பல்லாயிரம் பக்கங்களில் இதைவிட நேர்மையான பாராட்டு கிடையாது. ஏனென்றால் பாராட்டுகிறவர் அதில் தன்னையும் எடைபோடுகிறார்.

ஆனால் ரஸ்ஸலும் பிரவுனும் பெயர்பெற்றவர்கள். லாரன்ஸ் கிராமன் அப்படி இல்லை. கென்டக்கியில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வெள்ளையர். மனசாட்சியின் பேரில் போரை மறுக்கிறேன் என்ற அலியின் விண்ணப்பத்தை விசாரித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு 1966 ஆகஸ்டில் அவரிடம் வந்தது. அலி சொன்னதையெல்லாம் உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டு, இவர் சொல்வது உண்மையான நம்பிக்கை, விண்ணப்பத்தை ஏற்கலாம் என்று எழுதினார். அந்த நேரத்தில், அந்த மாநிலத்தில், அப்படி எழுதுவதால் அவருக்குக் கிடைக்கக்கூடிய லாபம் எதுவும் இல்லை. நீதித் துறை அவர் பரிந்துரையைத் தள்ளிவைத்துவிட்டு எதிராக ஆலோசனை சொன்னது. மேல்முறையீட்டு வாரியம் காரணம் எதுவும் சொல்லாமலே விண்ணப்பத்தை நிராகரித்தது. கிராமனின் அறிக்கை கோப்பில் கிடந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பு பேசியது.

அதற்கு முன் ஜார்ஜியா. லீராய் ஜான்சன் என்ற கறுப்பின மாநில செனட்டர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஜார்ஜியாவில் அப்போது மாநிலக் குத்துச்சண்டை ஆணையம் என்று ஒன்றே இல்லை. ஆகவே உரிமம் கொடுக்கவோ மறுக்கவோ மாநில அரசுக்கு அதிகாரம் இல்லை, அட்லாண்டா நகரம் தானே கொடுக்கலாம். நிறவெறி அரசியலிலேயே வளர்ந்த ஆளுநர் லெஸ்டர் மேடாக்ஸ் கொதித்தார், அந்த நாளைத் துக்க நாளாக அறிவித்தார். இருந்தும் 1970 அக்டோபர் 26 அன்று அட்லாண்டாவில் அலி மீண்டும் மேடையேறி, ஜெரி குவாரியை மூன்று சுற்றில் முடித்தார். அதே ஆண்டு நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிபதி வால்டர் மான்ஸ்ஃபீல்ட் இன்னொரு பூட்டைத் திறந்தார். கொலை, கொள்ளைக் குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களுக்கெல்லாம் உரிமம் கொடுத்த ஆணையம், இவருக்கு மட்டும் மறுத்தது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தார். ராணுவத்திலிருந்து ஓடிப்போனவர்களுக்குக்கூட உரிமம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பட்டியலை எடுத்து நீதிமன்றத்தின் முன் வைத்த வழக்கறிஞர்களின் உழைப்பை எந்த ரசிகரும் பேசுவதில்லை.

உச்ச நீதிமன்றத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 1971 ஏப்ரலில் வாதம் முடிந்தபோது நீதிபதிகள் ஐந்துக்கு மூன்று என்று அலிக்கு எதிராக இருந்தார்கள். அரசு வழக்கறிஞராக முன்பு இந்த வழக்கில் சம்பந்தப்பட்டிருந்த தர்குட் மார்ஷல் விலகிக்கொண்டதால் எட்டே பேர். தீர்ப்பை எழுதும் பொறுப்பு ஜான் ஹார்லனுக்கு. அவருடைய இளம் உதவியாளர்கள் அலி பின்பற்றிய மதக் கொள்கையைப் பற்றிப் படிக்கும்படி அவரிடம் சொன்னார்கள். வயதான அந்த நீதிபதி படித்தார், படித்துவிட்டு மனம் மாறினார். இப்போது நாலுக்கு நாலு. அப்படி முடிந்திருந்தால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு நின்று, அலி சிறைக்குப் போயிருப்பார். பாட்டர் ஸ்டூவர்ட் ஒரு சந்துவழியைக் கண்டார். விண்ணப்பத்தை மறுக்க மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் இரண்டு செல்லாது என்று அரசே இப்போது ஒப்புக்கொள்கிறது. அலியின் நம்பிக்கை உண்மையானது என்பதும் அந்த ஒப்புதலில் அடங்கியது. வாரியம் எந்தக் காரணத்துக்காக மறுத்தது என்பது தெரியாத நிலையில் தண்டனை நிற்காது. 1971 ஜூன் 28 அன்று எட்டுப் பேரும் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தார்கள். சிகாகோவில் ஒரு கடை வாசலில் நின்றிருந்த அலிக்கு, வானொலியில் கேட்ட கடைக்காரர் ஓடிவந்து செய்தி சொன்னார். வழக்கின் பெயர் கடைசிவரை 'கிளே எதிர் அமெரிக்க அரசு' என்றே இருந்தது.

அது மனசாட்சியின் சுதந்திரத்தை முரசறைந்து சொன்ன தீர்ப்பு இல்லை. நடைமுறைக் கோளாறு ஒன்றின் வழியே கிடைத்த விடுதலை. கிராமன் என்ற ஒரு மனிதர், படிக்கத் தயாராக இருந்த ஒரு நீதிபதி, தங்கள் எஜமானரிடம் வாதாடத் துணிந்த இரண்டொரு இளைஞர்கள், சட்டப் புத்தகத்தில் ஓட்டை தேடிய ஒரு செனட்டர். இத்தனை பேரும் இருந்தால்தான் ஒரு தனிமனிதனின் சுதந்திரம் பிழைக்கிறது. கட்-அவுட்டில் ஒருவர் படம்தான் இருக்கும், இவர்கள் யாரும் அதில் வர மாட்டார்கள்.

இனி அலியின் இன்னொரு பக்கம். இதைத் தவிர்ப்பது அவருக்கே செய்யும் அநியாயம். அவருக்கு உரிமம் இல்லாத காலத்தில் தான் பணம் கொடுத்து உதவியதாகவும், அவருக்காக ஜனாதிபதி நிக்சனிடம் பேசியதாகவும் குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியர் சொல்லியிருக்கிறார். சவுத் கரோலைனாவில் ஏழைக் குத்தகை விவசாயியின் வீட்டில் பிறந்து, ஃபிலடெல்ஃபியாவின் இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்து மேலே வந்தவர் ஃப்ரேசியர். அலியோ விளம்பரப் பலகை எழுதும் ஓவியரின் மகன். ஒப்பிட்டால் வசதியான பிள்ளை. அந்த அலி, ஃப்ரேசியரை வெள்ளையரின் அடிவருடி என்றார், அவலட்சணம் என்றார். 1975-ல் மணிலா போட்டிக்கு முன் கொரில்லா என்று சொல்லி, ரப்பர் பொம்மை ஒன்றைக் குத்திக் காட்டிச் செய்தியாளர்களைச் சிரிக்க வைத்தார். ஒரு கறுப்பின மனிதரைக் குரங்கென்று அழைத்தது, கறுப்பினத்தாரின் கௌரவத்துக்காகப் பெயர் மாற்றிய மனிதர்! ஃப்ரேசியரின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலி பட்டார்கள். அந்தக் காயம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆறவில்லை. 2001-ல் பத்திரிகை வழியாக அலி மன்னிப்புக் கேட்டார். 2011-ல் ஃப்ரேசியர் இறந்தபோது, நடக்கவே சிரமப்பட்ட நிலையில் இறுதிச் சடங்குக்கு வந்து எழுந்து நின்று கைதட்டினார்.

மால்கம் எக்ஸ் விஷயமும் அப்படித்தான். 1964-ல் சன்னி லிஸ்டனோடு மோதும் முன் அலிக்குத் தெம்பு கொடுத்தவர், அண்ணன் மாதிரி இருந்தவர். இருவரும் சேர்ந்திருந்த கறுப்பின இஸ்லாமிய இயக்கத்தின் தலைவர் எலைஜா முகமதுவோடு மால்கம் முரண்பட்டு விலகியதும் அலி அவரை உதறினார். அதே ஆண்டு கானாவில் தற்செயலாக எதிரே வந்தபோது முகம் கொடுக்காமல் போனார். ஒன்பது மாதங்கள் கழித்து மால்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தப் புறக்கணிப்பு தன் வாழ்க்கையில் மிகவும் வருந்தும் தவறுகளில் ஒன்று என்று அலி பின்னாளில் எழுதினார். லிஸ்டனை வென்ற மறுநாள் காலை, நீங்கள் விரும்புகிறபடி இருக்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை என்று வெள்ளை அமெரிக்காவிடம் சொன்ன அதே இளைஞரால், தன் தலைவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. இந்தத் தலைவரும் 1969-ல், பணத்துக்காகக் குத்துச்சண்டைக்குத் திரும்புவேன் என்று சொன்னதற்காக அலியை இயக்கத்திலிருந்து ஒதுக்கிவைத்தார். அரசாங்கமும் துரத்த, சொந்த இயக்கமும் ஒதுக்கிய நாட்கள் அவை.

ரசிகர்களுக்கு இதெல்லாம் கேட்கப் பிடிக்காது. அவர்களுக்குப் பிடித்தது ஒஹையோ ஆற்றுக் கதை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று ஊர் திரும்பிய இளைஞனுக்கு வெள்ளையர் உணவகத்தில் சாப்பாடு மறுக்கப்பட்டது, கோபத்தில் பதக்கத்தைக் கழற்றி ஆற்றில் எறிந்தான் என்ற கதை. 1975-ல் வந்த அவருடைய சுயசரிதையில் அது இருக்கிறது. அன்று உணவகங்களில் நிறவெறி இருந்தது உண்மை. பதக்கம் தொலைந்துபோனதுதான், எறியப்படவில்லை என்று நெருங்கியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கதை ஓடுகிறது. ஹூஸ்டனில் நடந்தது நடந்தபடியே அதைவிடப் பெரிது. அதில் எறிவது, உடைப்பது எதுவும் இல்லை, சும்மா நின்றதுதான் உண்டு. அதனால் சினிமாவுக்கு ஏற்றதாக இல்லையோ என்னவோ. இந்தக் கதைமயக்கம் சாதாரண ரசிகர்களோடு நிற்கவில்லை. 2018 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப், முகமது அலிக்கு மன்னிப்பு வழங்குவது பற்றித் தீவிரமாக யோசிப்பதாகச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 1971-லேயே தண்டனையை ரத்து செய்துவிட்டது, மன்னிக்க எந்தக் குற்றமும் பாக்கியில்லை என்று அலியின் வழக்கறிஞர் நினைவூட்ட வேண்டியிருந்தது. நாயகரின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, அவர் வென்ற வழக்கு தெரியவில்லை.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அலி தீபம் ஏற்றியபோது உலகம் கண்கலங்கியது. பார்க்கின்சன் நோய் அவர் குரலை ஏறக்குறைய வாங்கிவிட்டிருந்தது. அமெரிக்கா அவரை முழுமனதோடு நேசிக்கத் தொடங்கியது அவர் பேச முடியாமல் போன பிறகுதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மை. பேசாத அலி யாரையும் உறுத்தவில்லை. 2005-ல் இராக் போரின் நடுவே ஜார்ஜ் புஷ், போருக்குப் போக மறுத்த இந்த மனிதரின் கழுத்தில் நாட்டின் உயரிய குடிமகன் பதக்கத்தை அணிவித்தார். தீர்மானம் போட்டுத் தூற்றிய கென்டக்கியின் லூயிவில் நகரில் இன்று விமான நிலையமே அவர் பெயரில் இருக்கிறது.

அவர் ஏன் அவ்வளவு காலம் அடி வாங்கினார் என்ற கேள்விக்கு நம்மிடமும் ஒரு பங்கு பதில் இருக்கிறது. சென்னைக்கு வந்தபோது அவர் ஓய்வை அறிவித்தவர், 38 வயதுக்காரர். சில ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, போதும் என்று எச்சரித்துவிட்டு, கேட்காததால் விலகிப்போயிருந்தார். சென்னைக்கு வந்த ஒன்பதாவது மாதத்தில், 1980 அக்டோபர் 2 அன்று, அலி மறுபடி மேடையேறி லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடி வாங்கினார். தன் குருவை அடிக்க மனமில்லாமல் அடித்த ஹோம்ஸ் பிறகு அழுதார். அலிக்குக் கைதட்டியவர்கள் உலகமெங்கும் கோடிக்கணக்கில் இருந்தார்கள். போதும் என்று சொல்லி, அதற்காக அவரை இழக்கவும் தயாராக இருந்த பச்சேகோ மாதிரி ஆட்கள் சிலர்தான்.

அந்த இந்தியப் பயணத்தின் தொடர்ச்சியாக நடந்த ஒன்று அவரைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்திருந்த நேரம். மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆப்பிரிக்க நாடுகளை இணங்கவைக்கும்படி ஜனாதிபதி கார்ட்டர், இந்தியாவில் இருந்த அலியைக் கேட்டுக்கொண்டார். அலி இங்கிருந்தே கிளம்பினார். தான்சானியாவில் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரே அவரைச் சந்திக்கவே இல்லை. அரசு விஷயம் பேச ஒரு விளையாட்டு வீரரை அனுப்புவதா என்ற வருத்தம். நீங்கள் வெள்ளை மாளிகையின் கைப்பாவையா என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்களுக்கு உதவியது சோவியத் நாடுதானே என்றார்கள். அலி மழுப்பவில்லை. இதெல்லாம் தனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை, தன்னைச் சரியில்லாத ஒரு காரியத்துக்கு அனுப்பிவிட்டார்களோ என்று அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னார். தூது தோற்றது. அரசாங்கத்தின் பயணச்சீட்டில் போனவர், அந்த அரசாங்கத்தின் வாதத்தையே பொதுவில் சந்தேகித்தார். கார்ட்டருக்குச் சங்கடம், அலிக்கும் கௌரவக் குறைவுதான். ஆனாலும் தன் மனதுக்குப் பட்டதை அந்த நிமிடத்திலேயே ஒத்துக்கொள்ளும் குணம் அவரிடம் ஹூஸ்டனுக்குப் பின்னும் பிழைத்திருந்தது. எதிராளியை வீழ்த்திய அலியைவிட, இந்த அலியைக் கொண்டாட நமக்கு அதிகக் காரணம் இருக்கிறது.

நடிகரை, பாடகரை, விளையாட்டு வீரரைத் தலைவர் என்றும் தெய்வம் என்றும் கூப்பிடும் ஊர் நம்முடையது. அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் நாளைக்கே அவர்களில் ஒருவர், நமக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒன்றைத் தன் மனசாட்சி என்று சொல்லிக்கொண்டு நம் முன்னால் நிற்கலாம். மதத்தைப் பற்றியோ, போரைப் பற்றியோ, நாம் மதிக்கும் ஒரு தலைவரைப் பற்றியோ அவர் பேசலாம். சுவரொட்டியைக் கிழிக்கவும், படத்தை ஓடவிடாமல் செய்யவும், அணியிலிருந்து தூக்கச் சொல்லவும் குரல்கள் கிளம்பும். அன்றைக்கு ஓய்வுபெற்ற அந்தக் கென்டக்கி நீதிபதியை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் நிற்பவரின் பேச்சை முழுசாகக் கேளுங்கள். உடன்பாடில்லை என்றால் எவ்வளவு கடுமையாகவும் எதிர்த்துப் பேசுங்கள். அவருடைய பிழைப்பில் மட்டும் கை வைக்காதீர்கள், வைக்கிறவர்களோடு சேராதீர்கள்.